கைவேலைப் பொருளும் கைபேசிப் படமும்

(மதரஸா கூடத்தில் சகோதரிகளுக்காக நடைபெற்ற ஒருநாள் பயிற்சியின் தொடக்கத்தில் நம் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை. வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியிடுகிறோம்.)





வழக்கமாக நம் அறக்கட்டளை கூட்டம் போட்டால் ஒன்று கல்வி உதவித்தொகை, இல்லாவிட்டால் தையல் இயந்திரம் வழங்கும் விழா. இன்று வழங்குவதற்கு எங்கள் கையில் எதுவும் இல்லை. உங்களைத்தான் கொண்டுவரச் சொன்னோம். ஆளுக்கு ஒரு கைவேலைப் பொருள், வீட்டில் எந்தக் கைபேசி இருக்கிறதோ அது. "கூட்டத்துக்குப் பாயைச் சுருட்டித் தூக்கிக்கிட்டு வரணுமா?" என்று நேற்று ஒரு பெத்தும்மா அலுவலகத்துக்கே வந்து கேட்டார். ஆமாம் பெத்தும்மா, வரணும் என்றோம். இதோ முன்வரிசையில் பாயோடு உட்கார்ந்திருக்கிறார். அல்ஹம்துலில்லாஹ்.

இந்தப் பயிற்சியை ஏன் வைத்தோம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். சொல்ல எங்களுக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நிர்வாகக் குழுவில் பேசி, இந்த மேடையில் சொல்வது என்று முடிவெடுத்துத்தான் வந்திருக்கிறோம்.

பத்தமடையிலிருந்து நம் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த சகோதரி ஒருவர் இருக்கிறார். பத்தமடைப் பாயைப் பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. தாமிரபரணிக் கரைக் கோரையைக் கீறிக் காயவைத்து, ஓடும் தண்ணீரில் நாட்கணக்கில் ஊறப்போட்டு, நாரை மெல்லியதாக்கி, பருத்தி நூல் பாவில் கோத்துக் கோத்து நெய்வது. பட்டுப்பாய் என்றால் துணி மாதிரி கையில் வழுகும். புவிசார் குறியீடு பெற்ற பொருள். அதைத் தலைமுறை தலைமுறையாக நெய்து வருபவர்களில் பெரும்பாலோர் நம் சமுதாயத்துப் பெண்கள். இந்தச் சகோதரி கணவர் இறந்தபின் இத்தா முடிந்ததும் பீடித்தட்டை மடியில் எடுத்தார். "உனக்குப் பாய் நெய்யத் தெரியுமே, தறி போட்டுத் தருகிறோம், பாயை நாங்கள் விற்றுத் தருகிறோம்" என்று சொன்னது நாங்கள்தான்.

தறியும் போட்டோம். வட்டியில்லாக் கடனில் கோரைக்கும் நூலுக்கும் பணம் கொடுத்தோம். அவர் நெய்த ஒரு பாயைப் படம் எடுத்து நாலு வாட்ஸ்அப் குழுக்களில் போட்டோம். சென்னையிலிருந்து ஒரு குடும்பத்தார் கேட்டார்கள்: மகளுக்குத் திருமணம், இதே நிறத்தில் கலியாணப் பாய் வேண்டும், மணமக்கள் பெயரையும் நெய்து தர வேண்டும். சகோதரி ஒரு மாதத்துக்கு மேல் உட்கார்ந்து நெய்தார். அனுப்பினோம். ஒரு வாரத்தில் பாய் திரும்பி வந்துவிட்டது.

காரணம் நிறம். அவர் நெய்தது மாதுளைத் தோல் காய்ந்தாற்போன்ற அடர்ந்த சிவப்பு. படத்தில் இருந்தது ரோஜாப்பூச் சிவப்பு. வாங்கியவர்கள் மணமேடைத் துணி, மணமகள் உடை எல்லாவற்றையும் படத்தில் இருந்த சிவப்புக்குப் பொருத்தமாக எடுத்திருக்கிறார்கள். அவர்கள் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. படம் எடுத்தது யார்? எங்கள் அலுவலகத் தம்பி. எப்போது? இஷாவுக்குப் பிறகு, ஒரு பக்கம் டியூப்லைட், இன்னொரு பக்கம் மஞ்சள் பல்பு. எடுத்த படம் மங்கலாக இருக்கிறதே என்று அதற்கு ஒரு பில்டர் போட்டு 'பளிச்' ஆக்கினார். அதை அனுப்பு என்று சொன்னது நாங்கள்.

வேறொரு பாயாக இருந்தால் இன்னொருவருக்கு விற்றிருக்கலாம். இதில் யாரோ ஒரு மணமகன், யாரோ ஒரு மணமகள் பெயர் நெய்திருக்கிறது. இதை யார் வாங்குவார்? நூலைப் பிரித்து எடுக்கவும் முடியாது. அந்தப் பாய் பரணில் ஏறியது. சகோதரி மறுபடியும் பீடித்தட்டை எடுத்துவிட்டார். தறி நான்கு மாதம் சும்மா கிடந்தது.

பாயின் விலையையும் கூரியர் செலவையும் அவருக்குக் கொடுத்தோம். அதைக் கணக்கில் எழுதும்போது 'விதவை உதவி' என்ற தலைப்பின் கீழ் எழுதப் போனோம். நம் பொருளாளர் காக்கா பேனாவைப் பிடித்துக்கொண்டார். "இது உதவியா? நாம கெடுத்த பொருளுக்கு நாம கொடுக்குற ஈடு. இதைப் போய் ஜகாத்துலயும் ஸதகாவுலயும் கை வைக்கலாமா?" என்றார். அவர் சொன்னதுதான் சரி. நிர்வாகிகள் எங்கள் சொந்தப் பையிலிருந்து போட்டுக் கொடுத்தோம். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அறக்கட்டளைக் கணக்கைப் பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அதில் இந்தத் தொகை ஏன் இல்லை என்று நாளை யாரும் கேட்டால் பதில் இதுதான்.

அப்போதுதான் எங்களுக்கு ஒன்று உறைத்தது. இத்தனை வருடமாகத் தையல் இயந்திரம் கொடுத்தோம், தறி கொடுத்தோம், பூத்தையலுக்கு வளையமும் நூலும் கொடுத்தோம். கொடுத்த அன்றைக்குப் படம் எடுத்து இந்த இதழில் போட்டோம். அந்த இயந்திரத்தில் தைத்த துணியை எப்படி விற்பது என்று ஒரு நாளாவது சொல்லிக் கொடுத்தோமா? இல்லை. எத்தனை வீடுகளில் அந்த இயந்திரத்தின் மேல் தலையணையும் போர்வையும் அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் பேசுகிறோம்.

யாரிடம் கேட்பது என்று யோசித்தபோது நினைவுக்கு வந்தவர் இதோ இங்கே அமர்ந்திருக்கும் நம் சகோதரர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார், போடவில்லை. வளைகுடாவில் பல வருடம் மின்வேலை பார்த்தவர். திரும்பி வரும்போது மற்றவர்கள் தங்கமும் கம்பளியும் கொண்டுவந்தார்கள், இவர் பழைய கேமரா ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இறங்கினார். வீட்டில் கிடைத்த வரவேற்பை அவரே சொல்வார். அவருக்கு இது தொழில் இல்லை, ஆசை. குளிர்காலம் வந்தால் வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாளில் அவரைப் பிடிக்க முடியாது. சுபுஹு தொழுதுவிட்டு நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்துக்குப் போய்விடுவார். பூநாரையும் பட்டைத்தலை வாத்தும் வந்து இறங்கும் குளம் அது. அந்த ஊர்க்காரர்கள் பறவைகள் பயந்துவிடக் கூடாது என்று தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை. அங்கே கரையில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்து பழகியதால் வெளிச்சம் எப்போது எப்படி மாறும் என்பது இவருக்கு மனப்பாடம்.

இன்னொரு கைவேலையும் இவருக்கு உண்டு. சிறுவயதில் மதரஸாவில் பலகையில் எழுதிப் பழகிய கையல்லவா, மூங்கில் கலம் சீவி, மையில் தோய்த்து அரபு எழுத்தணி எழுதுகிறார். ஒவ்வோர் எழுத்தின் உயரத்தையும் அகலத்தையும் நுக்தாக் கணக்கில் அளந்து எழுதும் பழைய முறை. அதைக் கண்ணாடி போட்டுச் சட்டமிட்டு விற்கிறார். முதல் ஒரு வருடம் ஒன்றுகூட வெளியூருக்குப் போகவில்லையாம். பறவையை நூறு அடி தூரத்தில் தெளிவாக எடுத்த மனிதரால் தன் வீட்டுச் சுவரில் மாட்டிய சட்டத்தைப் படம் எடுக்க முடியவில்லை. கண்ணாடியில் இவருடைய சட்டைதான் தெரிந்தது, எழுத்து தெரியவில்லை. அதைச் சரிசெய்யக் கற்றுக்கொண்ட பிறகுதான் விற்பனை நடந்தது.

இவரிடம் போய், "நல்ல கேமரா ஒன்று அறக்கட்டளைக்கு வாங்கலாமா, எவ்வளவு ஆகும்?" என்று கேட்டோம். "கேமரா வேண்டாம் காக்கா. ஜன்னல் இருக்கா?" என்று திருப்பிக் கேட்டார்.

விவரமாக அவரே செய்து காட்டுவார். எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததில் எங்கள் மண்டையில் ஏறியதை மட்டும் இப்போது சொல்கிறோம், பிறகு அவர் காட்டும்போது உங்களுக்குச் சுலபமாக இருக்கும்.

முதலில் கைபேசியைத் துடைக்க வேண்டும். சிரிக்காதீர்கள். சமையல் கையோடு எடுக்கிறோம், பிள்ளைகள் நெய்ச்சோற்றுக் கையோடு விளையாடுகிறார்கள். பின்னால் இருக்கும் அந்தச் சிறிய கண்ணாடியில் எண்ணெய்ப் பூச்சு இருந்தால் எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கிய போனாக இருந்தாலும் படம் பனி மூடினாற்போல்தான் வரும். பழைய மென்மையான பருத்தித் துணி போதும்.

அடுத்தது விளக்கை அணைப்பது. இது எங்களுக்கே ஆச்சரியமாக இருந்தது. நல்ல படம் வேண்டும் என்றால் எல்லா விளக்கையும் போடுவதுதானே நம் வழக்கம்? ஆனால் பகல் வெளிச்சம் ஒரு நிறம், டியூப்லைட் ஒரு நிறம், பல்பு ஒரு நிறம். நம் கண் அதையெல்லாம் சமாளித்துக்கொள்ளும். கேமரா குழம்பிவிடும். சிவப்பு வேறு சிவப்பாவதும் பச்சை பழுப்பாவதும் இதனால்தான். எனவே ஒரே வெளிச்சம், அதுவும் ஜன்னல் வழியே வரும் பகல் வெளிச்சம். நேராக வெயில் விழும் ஜன்னல் கூடாது, நிழல் கடுமையாக விழும். காலையில் மேற்குப் பக்கத்து ஜன்னல், மாலையில் கிழக்குப் பக்கத்து ஜன்னல், வடக்குப் பக்கம் ஜன்னல் இருந்தால் பகல் முழுக்க நல்லது. பொருளை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் வைத்து, ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைச் சார்ட்டையோ தெர்மாகோல் அட்டையையோ நிறுத்தினால், வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி மறுபக்க இருட்டைக் குறைக்கும். செலவு பத்து இருபது ரூபாய். தெர்மாகோல் என்றால் பழைய டி.வி. பெட்டிக்குள் இருந்ததே போதும்.

வெள்ளைப் பொருளும் கருப்புப் பொருளும் தொந்தரவு பிடித்தவை. குரோஷா ஊசியில் பின்னிய வெள்ளைத் தொப்பியை வெள்ளைத் துணிமேல் வைத்து எடுத்தால் தொப்பி சாம்பல் நிறமாகத் தெரியும். கருப்பு அபாயாவை எடுத்தால் வெளுத்த கருப்பாகத் தெரியும். கேமரா எல்லாவற்றையும் நடுத்தர வெளிச்சமாக்கப் பார்க்கிறது என்று காரணம் சொன்னார். திரையில் பொருளின் மேல் விரலை ஒருமுறை தொட்டால் பக்கத்தில் சூரியன் போல ஒரு குறி வரும். அதை மேலே தள்ளினால் வெளிச்சம் கூடும், கீழே தள்ளினால் குறையும். தொப்பிக்கு மேலே, அபாயாவுக்குக் கீழே. இவ்வளவுதான். இது தெரியாமல் இத்தனை வருடம் போனைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம்.

பாயை எடுக்கும்போது பக்கத்தில் நின்று சாய்வாக எடுத்தால் ஒரு முனை அகலமாகவும் மறுமுனை குறுகியும் தெரியும். பாயைத் தரையில் விரித்து, உறுதியான ஸ்டூல்மேல் ஏறி நேர் மேலிருந்து எடுக்க வேண்டும். பெத்தும்மா நீங்கள் ஏற வேண்டாம், பேத்தியை ஏறச் சொல்லுங்கள். சட்டமிட்ட பொருள் என்றால் மிக அருகில் போகாமல் இரண்டடி பின்னால் வந்து எடுத்து, மீதியை வெட்டிக்கொள்ளலாம். அருகில் போனால் ஓரங்கள் வளைந்து தெரியும். கண்ணாடி போடும் முன்பே எடுத்துவிடுவது எல்லாவற்றையும்விட நல்லது. போட்டாகிவிட்டது என்றால் எடுப்பவருக்குப் பின்னால் ஒரு கருப்புத் துணியைத் தொங்கவிட வேண்டும். வேறொன்றும் வேண்டாம், வீட்டில் ஒரு பழைய புர்கா இருந்தால் போதும். சகோதரருடைய சட்டைப் பிரச்சினை அப்படித்தான் தீர்ந்தது.

இந்த இடத்தில் ஒரு செய்தி. வெளிச்சம் எப்படிப் பயணம் செய்கிறது என்பதைச் சோதனை செய்து எழுதியவர்களில் முன்னோடி நம்மவர், இப்னுல் ஹைஸம். ஏறத்தாழ 965இல் பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்து மறைந்தவர். அவருடைய 'கிதாபுல் மனாழிர்' லத்தீனில் மொழிபெயர்க்கப்பட்டு 1572இல் ஐரோப்பாவில் அச்சேறியது. ஒரு துளைக்கு முன்னால் பல விளக்குகளை வெவ்வேறு இடத்தில் வைத்தார். துளைக்கு அந்தப் பக்கம் இருட்டான இடத்தில் அத்தனை வெளிச்சப் புள்ளிகள் விழுந்தன. ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய புள்ளி மட்டும் மறைந்தது. ஒவ்வொரு விளக்கின் ஒளியும் மற்றதோடு கலந்து குழம்பாமல் நேர்கோட்டில் செல்கிறது என்று அதிலிருந்து காட்டினார். வீட்டில் பிள்ளைகளுக்கு மெழுகுவர்த்தி வைத்து நீங்களே செய்து காட்டலாம்.

'கேமரா' என்ற சொல்லே 'கமரா' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இந்த மேடையிலும் ஒருமுறை யாரோ பேசினார்கள். அது லத்தீன் சொல், அறை என்று பொருள். இல்லாத பெருமையை நாம் ஏன் எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும்? இருக்கிற பெருமையே நிறைய இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறோம். படம் அழகாக வருவது பாதி வேலை. படம் உண்மையாக இருக்கிறதா என்பது மறுபாதி.

கடைவீதியில் பெருமானார் (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்த சம்பவம் உங்களுக்குத் தெரியும். மேலே காய்ந்திருந்தது, உள்ளே ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை ஜனங்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள், ஏமாற்றுகிறவர் நம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். முஸ்லிம் கிரந்தத்தில் வரும் ஹதீஸ். அந்த வியாபாரி பொய் எதுவும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். வாய் திறக்கவே இல்லை. குவியலை அடுக்கிய விதம்தான் பொய் சொன்னது. எங்கள் பில்டர் படமும் அந்தக் காய்ந்த மேல்தானியம்தான். வேண்டுமென்று செய்யவில்லை என்பதால் நஷ்டம் குறைந்துவிடவில்லை.

பொருளைக் கண்ணால் பார்க்காமல் வாங்கியவர், பார்த்தபின் வேண்டாம் என்று சொல்லும் உரிமை நம் ஹனஃபி மத்ஹபில் 'கியாருர் ருஃயா' என்ற பெயரில் இருக்கிறது. சொல்லிச் செய்யவைக்கும் பொருளுக்கு 'இஸ்திஸ்னா' என்று தனிச் சட்டமே உண்டு. அதில் அளவு, நிறம், மூலப்பொருள் எல்லாவற்றையும் முதலிலேயே தெளிவாகப் பேசியிருக்க வேண்டும். நாங்கள் அந்தக் கலியாணப் பாய்க்கு என்ன பேசினோம்? 'படத்தில் இருப்பது போல' என்று பேசினோம். ஏழு வருடம் ஓதிய எங்களுக்கே இது பாய் திரும்பி வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. இதில் சந்தேகம் உள்ளவர்கள் ஹஜ்ரத் அவர்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

ஆகவே ஒரு பொருளுக்கு ஒரு படம் போதாது. முழுப் பொருள் ஒரு படம். வேலைப்பாடு தெரியும்படி அருகில் ஒன்று. பின்பக்கம் ஒன்று. பூத்தையல் வேலையில் துணியைத் திருப்பிப் பார்த்தால்தான் கையின் சுத்தம் தெரியும் என்று தெரிந்தவர்கள் சொல்வார்கள், வாங்குகிறவரும் அதைத்தான் கேட்பார். அளவு தெரிய பக்கத்தில் ஓர் அளவுகோலை வையுங்கள். சிறு பொருளென்றால் பத்து ரூபாய் நாணயம் போதும். கடைசியாக, குறை ஏதாவது இருந்தால் அதற்கென்றே ஒரு படம். ஓரத்தில் நார் பிரிந்திருக்கிறது, மை ஒரு சொட்டு சிந்தியிருக்கிறது, எதுவானாலும் சரி. "குறையைக் காட்டினால் யார் வாங்குவார்?" என்று இங்கே முணுமுணுப்பது காதில் விழுகிறது. சகோதரர் ஒரு சட்டத்தில் மூலையில் கீறல் இருப்பதைப் படமெடுத்துப் போட்டு நூறு ரூபாய் குறைத்தார். அதுதான் முதலில் விற்றது. எப்போதும் அப்படி நடக்கும் என்று நாங்கள் உத்தரவாதம் தரவில்லை. ஆனால் அது திரும்பி வராது.

நிறத்தில் சந்தேகம் இருந்தால், பொருளுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளையும் சேர்த்து எடுங்கள். தாள் மஞ்சளாகவோ நீலமாகவோ தெரிந்தால் பொருளின் நிறமும் தப்பு. திரும்ப எடுக்க வேண்டியதுதான். கலியாணப் பாய் போன்ற பெரிய வேலைக்கு நெய்யத் தொடங்கும் முன்பே சாயமிட்ட கோரையில் நாலு துண்டைத் தபாலில் அனுப்பிவிடுங்கள். நேரில் கையில் வைத்துப் பார்த்து 'சரி' என்று எழுதி அனுப்பட்டும், பாதிப் பணம் முன்பணமாக வரட்டும், பிறகு தறியில் உட்காருங்கள்.

இனி சொல்வது தாய்மார்கள் முக்கியமாகக் கேட்க வேண்டியது. உருவப்படம் பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருப்பது தெரிந்ததே, அதைத் தீர்ப்பதற்காக நாங்கள் இங்கே கூடவில்லை. பாய்க்கும் தொப்பிக்கும் சட்டத்துக்கும் முகம் தேவையில்லை. நெய்வதைக் காட்ட வேண்டுமென்றால் கை மட்டும் தெரியட்டும். படம் எடுக்கும் முன் பின்னணியைப் பாருங்கள். சுவரில் மாட்டிய குடும்பப் படம், வாசல் எண், பிள்ளையின் பள்ளிக்கூட அடையாள அட்டை, கொடியில் காயும் துணி எதுவும் வரக்கூடாது. கண்ணாடிப் பொருளில் எடுப்பவர் முகம் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள்.

கைபேசி எடுக்கும் படத்துக்குள் எந்த இடத்தில் எடுத்தது என்ற விவரமும் பதிந்திருக்கக்கூடும் என்பது எங்களுக்கு இதுவரை தெரியாது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைகிறது என்பதற்காகச் சிலர் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புகிறார்கள். அப்படி அனுப்பும்போது அந்த விவரமும் சேர்ந்தே போய்விடும். தனியாக இருக்கும் பெண்ணின் வீடு எது என்று முகமறியாத ஒருவருக்கு நாமே வழிகாட்டியது போலாகும். கேமரா அமைப்பில் 'லொகேஷன்' என்பதை அணைத்துவிட்டால் போதும். பயிற்சி முடிந்து வெளியே போகும்போது வாசலில் நம் தன்னார்வச் சகோதரிகள் ஒவ்வொருவர் போனிலும் இதை அணைத்துக் கொடுப்பார்கள். கொடுக்காமல் நழுவிவிடாதீர்கள். வீட்டு முகவரியும் யாருக்கும் தர வேண்டாம். பொருள் திரும்பி வர வேண்டுமென்றாலும் அறக்கட்டளை முகவரியையே கொடுங்கள், அதற்கு நிர்வாகக் குழு ஒப்புதல் தந்திருக்கிறது.

விலை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். நூலும் கோரையும் வாங்கிய காசை மட்டும் கணக்கிட்டு, மேலே நூறோ இருநூறோ போட்டு விலை சொல்கிறீர்கள். உங்கள் கைக்கூலி எங்கே? நெய்த நாட்களை எண்ணுங்கள். அந்த நாட்களில் பீடி சுற்றியிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று பாருங்கள். அதைவிடக் குறைவாக விற்பதற்குத் தறி எதற்கு?

கூரியரிலும் ஏமாறாதீர்கள். பாயின் எடை ஒன்றரைக் கிலோதான் இருக்கும், ஆனால் பல கூரியர்கள் அடைக்கும் இடத்தைக் கணக்கிட்டுக் காசு வாங்குவார்கள். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுப்பது வழக்கமான கணக்கு. நாலடி அகலப் பாயைச் சுருட்டினால் 122 சென்டிமீட்டர் நீளம், 12 சென்டிமீட்டர் கனம். பெருக்கி வகுத்தால் மூன்றரைக் கிலோ. ஒன்றரைக் கிலோவுக்குக் கூரியர் காசு வாங்கிவிட்டு மீதியைக் கையிலிருந்து கட்டியது எங்கள் அனுபவம். இன்னும் இறுக்கமாகச் சுருட்டலாமே என்று கேட்டோம். சகோதரி விடவில்லை, பட்டுப்பாய் மடிப்பு விழுந்தால் போச்சு என்றார். அவர் சொல்வதுதான் சட்டம்.

மத்திய ஜவுளித் துறையின் கைவினைஞர் அடையாள அட்டை இன்னும் எடுக்காதவர்கள் ஆதார் நகலோடு வரும் வாரம் அலுவலகத்துக்கு வாருங்கள், விண்ணப்பத்தை நாங்கள் நிரப்பித் தருகிறோம். பூம்புகார் விற்பனை நிலையத்திலும் நம் பொருட்களைக் காட்டிப் பார்க்கலாம் என்று எண்ணம் இருக்கிறது. அது முடிவான பிறகு அறிவிப்போம், இன்ஷா அல்லாஹ்.

மதரஸா கூடத்தின் வடக்கு ஜன்னலோரத்தை இன்று முதல் இதற்கென்று ஒதுக்கியிருக்கிறோம். வெள்ளைச் சார்ட், கருப்புத் துணி, அளவுகோல், ஒரு உறுதியான ஸ்டூல் அங்கே இருக்கும். பிள்ளைகள் ஓதி முடித்துப் போன பிறகு காலை ஒன்பது மணியிலிருந்து லுஹர் வரை யார் வேண்டுமானாலும் பொருளைக் கொண்டுவந்து எடுத்துக்கொள்ளலாம். வீட்டில் ஜன்னல் இல்லை என்று இரண்டு பேர் சொன்னார்கள். அதற்காகத்தான் இது. இஷாவுக்குப் பிறகு யாரும் எந்தப் பொருளையும் படம் எடுக்கக் கூடாது என்று எங்கள் அலுவலகத் தம்பிக்கும் சொல்லியாயிற்று. அவரும் இன்று உங்களோடு உட்கார்ந்து கற்றுக்கொள்கிறார்.

சகோதரர் இப்போது ஜன்னலோரத்துக்குப் போய்விட்டார். முதலில் எந்தப் பொருளை எடுத்துக் காட்டுவது என்று காலையில் பேச்சு வந்தது. புதிய பாய், அழகான பாய் நிறைய வந்திருக்கிறது. ஆனால் அந்தச் சகோதரி பரணிலிருந்து கலியாணப் பாயை இறக்கிக் கொண்டுவந்திருக்கிறார். நாங்கள் கேட்கவில்லை, அவராகவே கொண்டுவந்தார். "இதோட சிவப்பு சரியா வருதான்னு பாருங்க" என்றார்.

பெயர் நெய்த முனையைச் சுருட்டி வைத்துவிட்டு மீதியை விரிக்கச் சொல்லியிருக்கிறோம். யாரோ ஒரு வீட்டுப் பிள்ளைகளின் பெயர் அது, நம் படத்தில் வர வேண்டாம். ராத்தா, அந்த டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். வெள்ளைத் தாள் யாரிடம் இருக்கிறது?

வஸ்ஸலாம்.